எறும்பேறிய கன்டெய்னர்

ஜெபம் முடிந்து, போதகர் ஆசீர்வாதமும் சொல்லி, கன்டெய்னர் கதவைச் சாத்தப் போகும் நேரத்தில்தான் பிரீனா அந்த எறும்புச் சாரையைக் கண்டாள். அருமனை சபை மண்டபத்து முற்றத்திலிருந்து லாரிச் சக்கரத்தின் மேலேறி, கன்டெய்னர் தரையைக் கடந்து, ஓர் அட்டைப்பெட்டிக்குள் அது சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனைக்குக்கூட அந்தச் சபையில் யாரும் இத்தனை ஒழுங்காக வரிசையில் போனதில்லை.

பிரீனா கதவைச் சாத்த விடாமல் தடுத்தாள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஏற்றுமதி வேலை பார்ப்பவள் அவள். லீவு போட்டு ஊருக்கு வந்து, இந்தப் பாரத்தைத் தானாகவே தலையில் ஏற்றிக்கொண்டாள். கன்டெய்னர் போவது தான்சானியாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு. அவளுடைய அக்கா ஜினிஷா அங்கே நர்ஸ். குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக் கிடத்தியிருக்கிறோம் என்று அக்கா போனில் அழுத அன்று தொடங்கிய வேலை இது.

எறும்பு போன பெட்டியைப் பிரித்தாள். புது வார்மரின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய கருப்பட்டி.

"இது ஆருக்க வேல?"

முற்றத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எதிரே இருந்த ரப்பர் மரங்களைப் பார்த்தார்கள். கடைசியில் வியாகுலம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"வெறும் கருப்பட்டிதான் பிள்ளே. அங்க கிடைக்காதுல்லியா?"

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்ஃபுக்கு ஒருவன் புறப்பட்டால் ஊரே அவன் பெட்டியில் ஆளுக்கொரு பொட்டலம் திணிக்கிற ஊர் அது. மீன் குழம்பை வற்றவைத்து துபாய்க்கு அனுப்பியவர்கள். ஒரு வீடு அளவு பெட்டி ஊரிலிருந்து கிளம்பும்போது சும்மா இருப்பார்களா?

"திங்கிற சாதனம் ஒண்ணுகூட இல்லேண்ணு நான் எழுதிக் குடுத்திருக்கேன்," என்றாள் பிரீனா. "அங்க கஸ்டம்ஸ்காரன் இதக் கண்டா மொத்தக் கன்டெய்னரையும் பிடிச்சுப் போடுவான். எறும்பும் வண்டும் இருந்தா திருப்பி அனுப்பிருவான். எல்லாத்தையும் இறக்குங்க."

"இண்ணைக்கு ராத்திரியோட ஹார்பர்ல சரக்கு வாங்குறது முடியும் மேடம்," என்றார் லாரி டிரைவர். "விட்டா அடுத்த கப்பல் அடுத்த மாசம்."

"அப்ப பேசிட்டு நிக்க நேரமில்ல. இறக்குங்கண்ணே."

இறக்கினார்கள். சக்கர நாற்காலியின் இருக்கைக்கடியில் பலாச்சுளையில் கிண்டிய சக்கவரட்டி. போர்வை மடிப்புக்குள் புளி. பிரீனாவின் அம்மா நேசம்மாள் மட்டும் ஒரு கட்டில் மெத்தைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எந்திரி."

"நான் ஒண்ணும் வைக்கல்ல."

மெத்தையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் வேறு நிறத்தில் இருந்தது. பிரீனா அதையே பார்த்தாள். அம்மாவின் முகம் சிவந்தது.

"ஆறு வருசமா எனக்க பிள்ள நாட்டுக்கு வரல்ல. அவளுக்கு ரெண்டு ஏத்தங்காய் வத்தல் போனா கப்பல் முங்கிருமா?"

"கப்பல் முங்காது. இது ஹார்பர்ல கிடந்தா அங்க பிள்ளைங்க சாவும். நீ எடுக்காட்டா நான் சீல் வைக்க மாட்டேன்."

ஊரார் முன்னால் பெற்றவளைப் பிரீனா இதுவரை இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

நேசம்மாள் யாரையும் பார்க்காமல் கத்தரிக்கோல் வாங்கி, தையலைத் தானே பிரித்தாள். வாழைக்காய் வத்தல் வந்தது, ஜினிஷாவின் அளவுக்குத் தைத்த ஒரு நைட்டியும் வந்தது. சரக்குப் பட்டியலில் இல்லாத இரண்டையும் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏட்டி ஷைஜா, அந்தக் கட்டில் கால் குழாய்க்குள்ள நல்லமிளகு அடைச்சல்லா? தட்டி எடு. வியாகுலம், உனக்க ரெண்டாவது பொட்டலம் எங்க? எனக்கிட்ட நடிக்காத."

ஒளித்தவளுக்குத்தானே ஒளிக்கிற இடம் தெரியும்! பிரீனா நாள் முழுக்கத் தேடியிருந்தாலும் அகப்படாதவையெல்லாம் அம்மாவின் கையில் வந்து விழுந்தன. எறும்பைத் துடைத்து, பெட்டிகளை மாற்றி, மறுபடி ஏற்றினார்கள். பிரீனா கதவைச் சாத்தி சீல் வைத்தபோது வெயில் இன்னும் இருந்தது. லாரி வளைவில் திரும்பும்வரை எல்லோரும் பார்த்து நின்றார்கள்.

அதற்குள் ஜினிஷாவின் வீடியோ அழைப்பு வந்துவிட்டது. பிரீனா போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"வண்டி கிளம்பிற்றா? அம்மா, எனக்கு என்னம்மா வச்ச?" ஜினிஷா சிரித்தாள். "எந்தப் பெட்டியில தேடணும்? காதோட சொல்லு."

நேசம்மாள் தரையில் கிடந்த நைட்டியை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஒண்ணும் வைக்கல்ல மக்கா. தேடிட்டு நிக்காத. கதவு திறந்ததும் பிள்ளைங்களுக்கு உள்ளத எடுத்துட்டு ஓடு."

அந்தப் பக்கம் ஜினிஷா சரியென்று தலையாட்டினாள், போனை வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.