இன்னும் ஒரே ஒரு சந்தேகம், தம்பி

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தம்பியிடமிருந்து பிடுங்கியது. அவன் கிரேன் ஓட்டுபவன். போன வருடம் ஒரு நாள் சங்கிலி அறுந்து, இரண்டு டன் இரும்பு கீழே விழுந்தது. கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தவர் எகிறிக் குதித்துத் தப்பினார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுப்பா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் உடம்புக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. தட்டு கீழே விழுந்தால் தூக்கிவாரிப்போடும். கை நடுக்கம் நின்றபாடில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சங்கிலி அறுந்த அந்தக் கணத்தில் அவனுக்கு வானமே

(வானமே என்ன? இடிந்ததா? அட, போதும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

"பாதம் ரெண்டையும் தரையில நல்லா ஊணுங்க," என்றாள் அவன் மனைவி. "மூச்சை மெதுவா இழுங்க. இழுத்ததைவிட இன்னும் மெதுவா விடுங்க. ம், இப்ப கண்ணுல படுற அஞ்சைச் சொல்லுங்க."

"ஜன்னல். குடை. உன் வளையல். செருப்பு..." அவன் திரும்பிப் பார்த்தான். "அக்கா."

இது நடந்ததுதான். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததை அவள் காலையும் மாலையும் விடாமல் செய்யவைத்தாள். அரை மணி நேரத்தில் அவன் தோள் தளரும், முகம் தெளியும். பக்கத்திலேயே நான் நோட்டும் கையுமாகக் காத்திருப்பேன். தெளிந்தானோ இல்லையோ, ஆரம்பிப்பேன்.

"டேய், ஒரே ஒரு சந்தேகம். அறுந்தப்ப சத்தம் எப்படிடா இருந்துச்சு?"

3

(அடிக்குறிப்பில் போட வேண்டியது, வெட்கத்தால் இங்கேயே போடுகிறேன்: பேசினால் மனப்பாரம் குறையும் என்று நம்பித்தான் கேட்டேன். சரி, பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு ஒரு நல்ல உவமை தேவைப்பட்டது. எப்போது பேசுவது, எவ்வளவு பேசுவது என்று அவன் அல்லவா முடிவு செய்ய வேண்டும்? பதினான்கு முறை திருத்தி எழுதினேன். பதினான்கு முறையும் அவனை அந்த கேபினுக்குள் ஏற்றி உட்காரவைத்தேன்.)

தம்பி மனைவி என்மேல் எரிந்து விழுவதாக முதலில் எழுதியிருந்தேன். பொய். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனா மூணு நாளைக்கு அவர் தூங்கறதில்ல."

"நான் அவன் நல்லதுக்குத்தானேம்மா..."

"தெரியும் அண்ணி."

அந்தத் 'தெரியும்' இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

4

முடிவு அ: அவன் மறுபடி கிரேன் ஏறுகிறான். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அவனோ இன்னும் மொட்டை மாடிக்குக்கூட ஏறுவதில்லை.)

முடிவு ஆ: அக்கா மன்னிப்புக் கேட்கிறாள், தம்பி தேம்பித் தேம்பி

(சே! நான் படுத்தியது போதாதா?)

5

இரண்டு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. நேற்றுதான் போனேன், நோட்டும் பேனாவும் இல்லாமல். கதவைத் திறந்தவன் நன்றாகத்தான் இருந்தான். சவரம் செய்திருந்தான், கொஞ்சம் சதையும் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தோள் இரண்டும் விறைத்துக்கொண்டன.

"வாக்கா, உக்காரு."

எதிரே உட்கார்ந்தான். பாதங்களைத் தரையில் ஊன்றினான். மெதுவாக, ரொம்ப மெதுவாக மூச்சை விட்டான்.

"ம், கேளு. இன்னிக்கு என்ன?"

கூடப்பிறந்தவளைக் கண்டு அவன் பயந்தான். வேறெப்படி எழுதினாலும் அது பொய். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியாடா?"

அதுவும் கேள்விதானே. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அவனிடம் எதையும் கேட்காமல் எழுத முடியுமானால்.