கடைசிப் பக்கத்தில் வெளுத்தவள்

மனிதத் தோலின் நிறத்தில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை என்ற பேருண்மை அன்று மாலை உலகத்துக்கு அறிவிக்கப்பட இருந்தது. அறிவிக்கப்போகிறவரின் வீட்டில் மதியத்திலிருந்தே மகளுக்குப் பவுடர் பூசும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"கழுத்த நீட்டுடி. மேடை வெளிச்சத்துல முகம் வேற, கழுத்து வேறன்னு காட்டிக் குடுத்துடும்," என்றாள் அம்மா.

அப்பா சிறுவர் எழுத்தாளர். வகுப்பில் எல்லோரும் 'கரிக்கட்டை' என்று கூப்பிடும் ஒரு சிறுமி, தன் நல்ல மனத்தால் அத்தனை பேரையும் வெல்வதாகக் கதை எழுதியிருந்தார். அந்தப் பட்டப்பெயர் மகளின் பள்ளியில் இலவசமாகக் கிடைத்தது. சிறுமியும் மகள்தான். விழாவில் அவளே அதை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அச்சகத்திலிருந்து அன்றுதான் வந்த புத்தகத்தை மகள் மடியில் வைத்துப் புரட்டினாள். முதல் பக்கத்தில் அவளேதான். படத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்; விரலும் படமும் ஒரே நிறமாக இருந்தன. பக்கம் திரும்பத் திரும்பச் சிறுமி நல்லவளாகிக்கொண்டே போனாள், வெளுத்துக்கொண்டும் போனாள். கடைசிப் பக்கத்தில் பரிசுக் கோப்பையோடு நின்றவள் எதிர்வீட்டுப் பெண்ணைப் போலிருந்தாள்.

"அப்பா, இவ ஏன் வெளுத்துட்டா?"

"அது வெளுப்பு இல்லம்மா, மனசோட வெளிச்சம். ஓவியர் எவ்வளவு நுணுக்கமா பண்ணியிருக்காரு பாரு!"

"அப்போ மொதப் பக்கத்துல அவ மனசு கெட்டதா?"

"நேரமாகுது, செருப்ப மாட்டு," என்றார் சிந்தனையாளர்.

மண்டபம் நிறைந்திருந்தது. இந்தப் புத்தகம் பிஞ்சு நெஞ்சங்களில் எரிமலையை மூட்டும் என்று பதிப்பாளர் முழங்கி முடித்ததும், மகள் ஒலிவாங்கி முன் வந்து முதல் பக்கத்தைக் கணீரென்று வாசித்தாள். புத்தகத்தை மூடினாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? மீதி?" என்றார் பதிப்பாளர்.

"மீதியில இருக்கறது வேற பொண்ணு சார். அவளையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க."

இறங்கிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். "மானத்த வாங்கிட்டியேடி," என்று அம்மா பல்லைக் கடித்தாள். கூட்டமோ, இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டியது. அப்பாவும் தட்டினார், வேறு வழியில்லை.

பிறகு கையெழுத்து வாங்க வரிசை நின்றது. முதலில் நின்ற பெண்மணி, பின்னட்டையில் பளிச்சென்று வெளுத்திருந்த எழுத்தாளர் படத்தையும் மேஜைக்குப் பின்னால் பேனாவோடு இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுத்தாளர் எப்ப சார் வருவாரு?" என்று அவரிடமே கேட்டாள்.