கடைசியாகக் குடித்தது

கத்தியால் சுரண்டியும் அந்தக் கடதாசி வருவதாயில்லை. தவமணிதேவியே மாப்பசை காய்ச்சி, தன் கையாலேயே குசினி அலுமாரிக் கதவில் அழுத்தி ஒட்டியது. மனையியல் டீச்சர் ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். முன்னறையில் ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கிடத்தியிருந்தார்கள். யாரோ தேவாரம் தொடங்கிவிட்டார்கள். புருஷனின் தலைமாட்டில் இருக்கவேண்டியவள் இங்கே நின்று கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கடதாசியில் அவளுடைய முத்துமுத்தான எழுத்து. 'ஓடப் போகுமுன்: இளஞ்சூட்டு நீர் ஒரு குவளை. வேறு எதுவும் இல்லை. ஓடி வந்தபின்: குரக்கன் பிட்டு, சீனியில்லாத தேநீர்.' கீழே இரட்டைக் கோடு போட்டு, 'கண்டிப்பாக.'

அவருக்குச் சீனி வருத்தம் வந்து இரண்டு வருஷம். ஓடினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். வெறும் வயிற்றில் ஓடினால் இன்னும் நல்லது என்பது ஏதோ பத்திரிகையில் வாசித்து இவளாகச் சேர்த்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் சீனிக்குக் கொடுத்த குளிசையைப் போட்டு, சுடுதண்ணீரைக் குடித்து, அடையாள அட்டையைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தம்புள்ளை ரோட்டில் வடக்கே ஓடுவார். யுத்தத்தில் மூடிய பாதை திறந்திருந்தால் அதே ரோட்டில் அவருடைய கொக்குவிலுக்கே போய்விடலாம். அவர் மூன்று மைலில், பலாபத்வலயில், திரும்பிவிடுவார். "தமிழாள் இருட்டுல ஓடினா சுடுவாங்க, நடந்து போங்க" என்று முதல் மாதம் முழுவதும் கத்தினாள். காவலரணில் நின்ற சிப்பாய்களுக்கு அவர் 'சேர்' ஆகிவிட்ட பிறகு கத்துவதை விட்டாள். துப்பாக்கிக்குப் பயந்தவள் வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

நேற்றுக் காலை அவர் சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துவிட்டார்.

"இதை மட்டும் தாருமன். தலை ஒருமாதிரிக் கிடக்கு."

"ஓடிட்டு வந்து சாப்பிடுங்க. ரெண்டு வருஷம் பட்ட பாட்டைப் பாழாக்காதீங்க."

பழத்தை அவர் கையிலிருந்து வாங்கி, திரும்பவும் தட்டில் சீப்போடு வைத்தாள். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். பதினெட்டு வருஷக் கலியாணம் அந்த வாழைப்பழத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று. தெரியாது என்று சொன்னாள். அவர் தின்றதையெல்லாம் கரண்டிக் கணக்கில் அளந்து வைத்தவள் அப்படிச் சொன்னாள். குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஓடியிருக்கிறார்போல, சீனி அடியோடு இறங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்.

"இஞ்சை என்ன செய்யிறாய்?"

அவருடைய அக்கா இரத்தினம்மா வாசலில் நின்றார். நேற்றுப் பின்னேரம்தான் வெள்ளவத்தையிலிருந்து வந்து இறங்கியவர்.

"பழைய கடதாசி மச்சாள். வாறவங்க போறவங்க கண்ணுக்கு அசிங்கமா இருக்கு."

"தம்பி விடிய என்னத்தைக் குடிச்சிட்டுப் போனவன்?"

"தேத்தண்ணி. ஒரு வாழைப்பழமும்."

வாய் கூசவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரத்தினம்மா அலுமாரிக் கதவைப் பார்த்தார். 'வேறு எதுவும்' வரைக்கும் எழுத்து இன்னும் கதவில் இருந்தது.

"சரி, முன்னுக்கு வா. சனம் உன்னைத் தேடுது."

பதினொரு மணிபோல வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். பந்தலுக்குள் கதிரை கொடுத்தும் உட்காரவில்லை. பக்கத்து வாசலுக்கு வந்து, டீச்சரோடு ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றார். தவமணிதேவி எழுந்து போனாள். இரத்தினம்மாவும் கூடவே வந்து பின்னால் நின்றார்.

"நான் மஹ்ரூப், டீச்சர். பலாபத்வலயில தேத்தண்ணிக் கடை வச்சிருக்கேன். சேர் எங்க கடை வாசல்லதான்..."

அது அவளுக்குத் தெரியும். பூட்டிய கடையின் படியில் அவர் சாய்ந்து கிடந்திருக்கிறார். இருட்டில் அசையாமல் ஒருவன் இருக்கிறான் என்றதும் காவலரண்காரர்கள் முதலில் தூர நின்று கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்களாம். டோர்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் 'நம்ம சேர்' என்று ஓடி வந்தார்களாம். தண்ணீர் பருக்கினார்களாம். வெறும் தண்ணீர்.

"சேர் தினம் வருவாரு டீச்சர். ரெண்டு கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணி, ஒரு பணிஸ். குடிச்சிட்டுத்தான் திரும்பி ஓடுவாரு. 'வீட்டில சுடுதண்ணி மட்டும்தான் நானா, டீச்சரிட்டைச் சொல்லிப்போடாதையும்'னு சிரிப்பாரு."

அட பாவி மனுஷா, என்று தவமணிதேவிக்குள் ஏதோ பொங்கியது. இரண்டு வருஷமாக இரத்தப் பரிசோதனைத் துண்டுகளை வைத்துக்கொண்டு, சீனி ஏன் இறங்கமாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்தவள் அவள். அவர் மூன்று மைல் ஓடியது பணிஸ் தின்னத்தான். ஆத்திரம் வந்தது. அந்தப் பணிஸ்தான் இத்தனை நாளும் அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது என்று புரிந்ததும் ஆத்திரம் எங்கேயோ போய்விட்டது.

"முந்தாநாள் ராவு பிறை கண்டாச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்க," என்றார் மஹ்ரூப். "முதல் நோம்பு. கடைய தொறக்கல்ல. விடியமுந்தி சஹர் சாப்பிட்டு, சுபஹ் தொழுதுட்டு உள்ளுக்குப் படுத்துட்டேன். சேருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பிறை கண்டா நாளைக்குக் கடை இல்லன்னு. எனக்குத் தோணல்ல. கதவத் தட்டினாரோ என்னமோ டீச்சர். எனக்குக் கேக்கல்ல."

அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நேத்தும் அவரு வீட்டுல ஒண்ணும் சாப்பிடாமத்தான் வந்தாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாரம் பாதியாகிவிடும். மற்றப் பாதியை இந்த மனிதர் தூக்கிக்கொண்டு போவார். இனி வருகிற ஒவ்வொரு முதல் நோன்புக்கும் அதைத் தூக்குவார். பின்னால் இரத்தினம்மா மூச்சு விடுவது தவமணிதேவிக்குக் கேட்டது.

"இல்லை," என்றாள். "நேத்து நான் குடுத்துத்தான் அனுப்பினேன். தேத்தண்ணியும் வாழைப்பழமும்."

"சீனி போட்டா, டீச்சர்?"

"சீனி போட்டு. ரெண்டு கரண்டி. இது நெஞ்சு வருத்தம். உங்க கடை தொறந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

மஹ்ரூப் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய நேரமெடுத்தது.

"ராவு முழுக்க நான் தூங்கல்ல டீச்சர்," என்றார். பிறகு போய் ஆண்களோடு உட்கார்ந்தார். பிரேதம் எடுத்தபோது, எச்சில்கூட விழுங்காத வாயோடு அந்த வெயிலில் சுடலைவரைக்கும் நடந்தார்.

இரத்தினம்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் தவமணிதேவிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இனி யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அது நடந்து நடந்து பலாபத்வலவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பின்னேரம் ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பினார்கள். வீடு கழுவியாயிற்று. அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு ஏற்றியாயிற்று. தவமணிதேவி தலை முழுகிவிட்டுக் குசினிக்குள் வந்தாள். அலுமாரிக் கதவு ஈரமாக இருந்தது. கடதாசி இருந்த இடமே தெரியவில்லை. யாரோ சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, ஒரு எழுத்து விடாமல் துடைத்திருந்தார்கள். அடுப்படியில் இரத்தினம்மா பழந்துணியொன்றைப் பிழிந்துகொண்டு நின்றார். கை சிவந்திருந்தது.

"விளக்கடியில அவன் கடைசியாக் குடிச்சதை வைக்கவேணும்," என்றார், திரும்பிப் பார்க்காமல். "சனத்துக்குச் சொன்னதைத்தான் வைக்கவேணும்."

கேத்தல் கொதித்தது. தவமணிதேவி தேயிலையைப் போட்டாள், வடித்தாள். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். இப்போது மஹ்ரூப் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார் என்று நினைத்தாள். சீனிப் போத்தலைத் திறந்து இரண்டு கரண்டி போட்டாள். கொஞ்சம் நின்று இன்னொரு கரண்டியும் போட்டாள். ஆற்றி, எறும்பு வராமலிருக்கப் பீரிசுத் தட்டால் மூடினாள்.

பிறகு வாழைப்பழத் தட்டை இழுத்தாள். நேற்றுவரை காம்பில் பச்சை மாறாதிருந்த சீப்பு இன்றைக்கு நன்றாகப் பழுத்திருந்தது. அவள் தேடவேண்டியிருக்கவில்லை. சீப்பிலிருந்து பிய்ந்து கிடந்தது அந்த ஒரு பழம்தான்.