தென்னமட்டையின் கடைசி வளைவு

கடைசி வளைவுக்குச் சற்று முன்னால் தென்னமட்டையின் மஞ்சள் கார் மறுபடியும் காணாமல் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் துரத்தி வந்த ஜாவித்தின் கார் காலிச் சாலையில் தனியாக ஓடி முடிவுக் கோட்டைத் தாண்டியது. பெரிய திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. மேலேயிருந்து ஒரு கிரீடம் இறங்கி அவன் பெயருக்கு மேல் உட்கார்ந்தது. ஜாவித் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, யாரோ மிச்சம் வைத்துப் போன பிரியாணியைப் பார்ப்பதுபோல அந்தக் கிரீடத்தைப் பார்த்தான்.

பீளமேட்டில் கல்லூரிக்கு எதிர்ச்சந்தில், மாடியில் இருந்தது அவனும் அவன் மனைவி உஸ்மாவும் நடத்தும் வீடியோ கேம் கடை. சுவரோரமாக டிவிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கன்சோல், எதிரே தொடை அகலத்துக்குப் பள்ளம் விழுந்த சோபாக்கள். ஒரு காலத்தில் மாணவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பதுதான் கடையின் சட்டம். இப்போது கிருபாசங்கர் என்கிற மூன்றாம் ஆண்டுப் பையன் நண்பர்களோடு வருவான். ஒருவன் பேருக்குக் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஏசிக் காற்றை வாங்கிக்கொண்டு தங்கள் போனில் விளையாடுவார்கள். பொறுத்துப் பார்த்த ஜாவித் கதவில் ஒரு போர்டு மாட்டினான்: 'உள்ளே போனில் ஆட்டம் கூடாது.' அதற்குப் பிறகு கிருபாசங்கரும் வரவில்லை, நண்பர்களும் வரவில்லை.

கடையில் பாதியை ஒதுக்கி நீள மேஜை போட்டு, வரிசையாகச் சார்ஜர் பிளக் வைத்துக் கொடுத்துவிட்டால் பையன்கள் போனும் கையுமாக வந்து உட்காருவார்கள் என்பது உஸ்மாவின் யோசனை. அவளுக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜாவித்துக்குத்தான் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பொழுது போகாதவன் நோண்டுகிற சாமானுக்குத் தன் கடையில் மேஜை போடுவதா என்று குதித்தான். போன் கண்ணாடியைத் தடவி ஒருத்தன் ஆட்டக்காரனாக முடியாது என்பது அவன் கட்சி. அதற்கு அவன் காட்டிய ஒரே சாட்சி தென்னமட்டை: அப்படி ஓட்டக் கன்ட்ரோலர் பிடித்த கையால்தான் முடியும்.

மத்தியானத்தில் கடை ஈயாடும். அந்நேரம் ஆன்லைனில் மலைப்பாதை ரேஸ் ஓட்டுவான் ஜாவித். அந்த ஆட்டத்திலேயே நீளமான ரேஸ் அது. அதில் சில மாதங்களாக வந்து சேர்ந்துகொள்ளும் பெயர்தான் தென்னமட்டை. யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பாறையை உரசாமல், பிரேக்கை அழுத்தினதே தெரியாமல், அந்த மஞ்சள் கார் வளைவுகளை எடுக்கும் அழகில் ஜாவித் பல தடவை தன் காரை ஓட்ட மறந்திருக்கிறான். ஆனால் வெற்றி கைக்கெட்டும் இடத்தில், எல்லா நாளும், கார் சட்டென்று மறைந்துவிடும். கடைக்கு வருகிறவர்களிடம் ஜாவித் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான். ஆள் நிச்சயம் நம்ம பக்கத்துக்காரன். பந்தியில் கடைசி வடையை எதிரே இருப்பவன் இலைக்குத் தள்ளிவிடுகிற ஜாதி. தோற்கடித்துவிட்டோம் என்று எதிராளி நினைக்கக்கூடாது என்பதற்காக ஜெயிப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு விளக்கம் எடுபட்டிருக்குமா தெரியாது. கோயமுத்தூரில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

உஸ்மா மட்டும் தலையாட்டவில்லை. அது மரியாதையில்லை, திமிர் என்றாள். அதோடு நிறுத்தாமல், அதே ஆட்டம் போனிலும் இருக்கும்போது அந்த ஆள் போனில் ஓட்டமாட்டான் என்பதற்கு என்ன நிச்சயம் என்றும் கேட்டாள்.

"அவன் மட்டும் போன்லயோ டேப்லட்லயோ அந்த மலையை எறங்கிக் கோட்டைத் தாண்டுறான்னு காட்டு, அந்த போர்டை நானே கழட்டிப்போட்டு உனக்கு மேஜை போட்டுத் தாரேன்," என்றான் ஜாவித்.

அவள் அன்றைக்கே அவன் கையாலேயே தென்னமட்டைக்குச் செய்தி அனுப்ப வைத்தாள். கடைக்கு வந்து நேரில் ஒரு கை பார்க்கலாமா என்று கேட்டதற்கு மறுநாள் பதில் வந்தது. 'வெளிய வர முடியாதுங்ணா. ஊடு கிணத்துக்கடவு. நீங்க வாங்க, அம்மா காப்பி வெச்சுத் தருவாங்க. அக்ஷிதா.' ஜாவித் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தான். உஸ்மா பாத்திரம் துலக்கும்போதும் சிரித்தாள், துணி மடிக்கும்போதும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினார்கள். ஒரே அறையில் இருவர் மோத இரண்டு கன்சோல் வேண்டுமே என்று கடையில் இருந்த ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான் ஜாவித். பொண்ணாக இருந்தால் என்ன, அந்தக் கை கன்ட்ரோலரில் பழகிய கைதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். உஸ்மா தேங்காய் பன் வாங்கிய பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு. கதவைத் திறந்த ராமாமணி, அக்ஷிதாவின் அம்மா, முதலில் உதட்டில் விரல் வைத்தார். "மெல்லப் பேசுங்க கண்ணு. பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா."

கூடத்தின் நடுவே விட்டத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கியது. அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து ஆட்டியபடி, தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அக்ஷிதா. ஜாவித்தின் கண் அவளைத் தாண்டி டிவிக்குக் கீழே ஓடியது. அங்கே ஒரு செட்டாப் பாக்ஸும் பவுடர் டப்பாவும்தான் இருந்தன. அரிசிப் படி ஒன்றில் சாய்த்து, மூலையில் கீறல் விழுந்த டேப் ஒன்று அவள் பக்கத்தில் இருந்தது. அதன் திரையில் மஞ்சள் கார் நின்றுகொண்டிருந்தது.

உஸ்மா தேங்காய் பன் பையை ராமாமணியிடம் நீட்டினாள். சிரிக்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு ஜாவித்துக்கு மட்டும் தெரிந்தது.

அக்ஷிதா பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தவள். வரைபடம் பார்க்க வாங்கிய டேப்பில், குழந்தை தூங்குகிற நேரத்தில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். கடைசி வளைவில் அவள் ஒதுங்குவதைப் பற்றிக் கடையில் நிலவும் மரியாதைக் கதையை ஜாவித் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மரியாதையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்ணா. இவ தூங்கறதே கோழித் தூக்கம். அந்த எடம் வாரப்ப எந்திரிச்சுக்குவா, நான் போட்டுட்டு ஓடிருவேன்." சிரிப்பு அடங்கியதும் குரல் தணிந்தது. "இன்னி வரைக்கும் அந்தக் கோட்டைத் தாண்டுனதே இல்லீங்ணா. பூவெல்லாம் கொட்டுமாமா. நான் பாத்ததே இல்ல."

ஜாவித்துக்கு அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக உறைத்தன. ஒன்று, அவள் மேல் பரிதாபம். இன்னொன்றைச் சொல்ல வெட்கம்: இவள் கோட்டைத் தாண்டவே இல்லையென்றால் உஸ்மாவோடு போட்ட பந்தயத்தில் தான் இன்னும் தோற்கவில்லை. அந்தக் கடைசி வளைவு மலையிலேயே பொல்லாதது. அதைக் கண்ணாடியில் எடுக்கவே முடியாது என்று இப்போதும் சாதிக்கலாம்.

கன்சோலை டிவியில் மாட்டினான். முதலில் அவளிடமே கன்ட்ரோலரைக் கொடுத்துப் பார்த்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆர்வமாய்த்தான் வாங்கினாள். கார் கிளம்பின இடத்திலேயே பாறையில் மோதி மல்லாந்தது. "இது நல்லாத்தானுங்ணா இருக்குது," என்று திருப்பிக் கொடுத்தாள். "ஆனா இதுக்கு டிவி முன்னாடி போயி உக்காரோணும். டேப்புன்னா பாப்பா இருக்கற எடத்துக்கெல்லாம் வரும்."

ராமாமணி காப்பி போடப் போனார். உஸ்மாவும் கூடவே போனாள். ஜாவித்தும் அக்ஷிதாவும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள், அவன் டிவியில், அவள் தரையில்.

முதல் சில வளைவுகள் வரை ஜாவித் தன் திரையைத்தான் பார்த்தான். பிறகு பார்க்க முடியவில்லை. அக்ஷிதாவின் கால் தொட்டில் கயிற்றை ஒரே நிதானத்தில் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அந்த நிதானத்துக்கும் அவள் கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தடவுகிறார்கள் தடவுகிறார்கள் என்று இத்தனை நாள் கேலி பேசினானே, அவள் தடவவே இல்லை. பால் சூடு பார்ப்பதுபோல விரல் நுனி கண்ணாடியில் பட்டும் படாமலும் போய் வந்தது. வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தாள், சத்தம் வரக்கூடாதென்று. பாதி மலைக்குப் பிறகு ஒலியையே அணைத்துவிட்டு, ரோட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து இறங்கினாள். எஞ்சின் சத்தம் இல்லாமல் ஜாவித்தால் ஒரு திருப்பம் தாண்ட முடியாது. மாதக்கணக்காகத் தான் வாய் பிளந்து பார்த்த ஓட்டம் இந்த ஒரு சாண் கண்ணாடிக்குள்ளிருந்தா வந்தது என்று அவனுக்குப் புல்லரித்தது. கடையில் சோபாவில் சாய்ந்து, ஏசிக்குக் கீழே, இரண்டு கையும் ஒரே வேலைக்கென்று வைத்துக்கொண்டும் தனக்கு இது வரவில்லையே என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் பொறாமைகூட எழாதது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசி வளைவு தெரிந்தது. தொட்டில் அசைந்தது. உள்ளிருந்து ஒரு சிணுங்கல், பின்னாலேயே அழுகைக்கு முந்தின அந்தச் சின்ன மௌனம். அக்ஷிதாவின் கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, ஆட்டத்தை மூடும் குறியை நோக்கி மேலே போனது.

அந்த விரல் குறியைத் தொட்டால் போர்டு கதவிலேயே இருக்கும், கடை கடையாக இருக்கும். ஜாவித்துக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவன் கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து, கயிற்றைப் பிடித்தான்.

"ஓட்டுங்க அம்மணி. நான் ஆட்டறேன்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல் கீழே வந்தது. ஜாவித்துக்குத் தாலாட்டு எதுவும் தெரியாது. வாயில் வந்த சத்தத்தை எல்லாம் 'ம்ம் ம்ம்' என்று சேர்த்து முனகியபடி, அவள் கால் வைத்த அதே நிதானத்தைப் பிடிக்கப் பார்த்தான். சேலைக்குள் ஒரு குட்டிக் கை மேலே வந்து, காற்றைப் பிடித்து, மெல்ல இறங்கியது. அவன் கயிற்றை விடாமல் எட்டி டேப்பைப் பார்த்தான். மஞ்சள் கார் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே, கோலத்தில் இழை இழுப்பதுபோல, ஒரே இழுப்பில் திரும்பியது. நின்று தயங்கவில்லை, எதையும் உரசவில்லை. கோட்டைத் தாண்டியது.

கீறல் விழுந்த கண்ணாடிக்குள் பூக்கள் கொட்டின. அக்ஷிதா கையை எடுத்துவிட்டு, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கோவிலில் தீபாராதனை பார்ப்பதுபோல அசையாமல் பார்த்தாள்.

"எத்தனை பூவுங்ணா," என்றாள், காற்றளவு குரலில்.

காப்பித் தட்டோடு வந்த உஸ்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கண் டேப்பிலிருந்து தொட்டிலுக்கும், தொட்டிலிலிருந்து அவனுக்கும் வந்தது. "ஏனுங்க," என்று ஆரம்பித்தாள்.

ஜாவித் உதட்டில் விரல் வைத்தான். மறு கை கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது. டிவியில், ஓட்ட ஆளில்லாத அவனுடைய கார் கடைசி வளைவின் தடுப்புக் கம்பியில் மூக்கை முட்டிக்கொண்டு, விளக்குகள் எரிய நின்றது.