ஊறிய கட்டைவிரல்

வைஷாலி அந்தச் செய்தியை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரெச்சின் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது ரெஜினா கம்பெனிப் பேருந்தில் இருந்தாள். "என் மகன் ஆதித்யாவுக்கு விரல் சூப்பும் பழக்கமே கிடையாது. பக்கத்துப் பாயில் படுக்கும் குழந்தையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். யார் என்று எல்லோருக்கும் தெரியும். கோதை மிஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும்." அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்திச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். விரல் சூப்புகிற விவகாரத்துக்கு விரலைக் காட்டும் அறிவாளிகள் என்று ரெஜினா பல்லைக் கடித்தாள்.

பக்கத்துப் பாயில் படுப்பது அவள் மகள் சுஷ்மிதா. வயது மூன்று. தூக்கம் வரும்போது வலது கட்டைவிரல் தானாக வாய்க்குப் போகும், தூங்கியதும் தானாக நழுவிவிடும். இதில் ஊரைக் கூட்ட என்ன இருக்கிறது?

ஆனால் வைஷாலி கூட்டிவிட்டாள். சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கும் க்ரெச் அது ஒன்றுதான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கோதை நடத்துகிறாள். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் வைஷாலியின் வீடு; வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ரெஜினாவுக்கு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை. ஐந்தே காலுக்குப் பேருந்து, ஆறு மணிக்கு ஷிப்ட். புருஷன் கிருபாகரன் மகாபலிபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், நாலு மணிக்கே கிளம்பிவிடுவான். இந்த இடம் போனால் சுஷ்மியைக் கருங்குழியில் அண்ணன் வீட்டில் விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்க்கவேண்டும். அண்ணிக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், நாலாவதாக இவள் போய் நின்றால் எப்படி இருக்கும் என்பது ரெஜினாவுக்குத் தெரியும்.

அன்று மூன்றரை மணிக்குக் குழந்தையை அழைக்கப் போனபோது கோதை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ரெண்டு வாரம் டைம் தரேன் ரெஜினா. அதுக்குள்ள நிறுத்திடுங்க. இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோங்க. மத்த பேரண்ட்ஸுக்கு நான் பதில் சொல்லிண்டே இருக்க முடியாது."

"தூங்கசொல்ல வெக்குது மிஸ். இது இன்னா கொரோனாவா, பக்கத்துல படுத்தா ஒட்டிக்கிறதுக்கு?"

"வீட்டுல எப்படி வளர்க்கறோமோ அப்படித்தானே வரும்" என்றாள் கோதை.

அந்த 'வீட்டுல' என்பதை அவள் இழுத்த இழுப்பிலேயே எந்தத் தெரு, எந்தச் சாமி, அப்பன் பாட்டன் யார் வயலில் வேலை செய்தார்கள் என்பதெல்லாம் வந்துவிட்டது. ரெஜினாவின் நாக்கு நுனிவரை நாலு வார்த்தை வந்தது. விடிந்தால் பேருந்து ஐந்தே காலுக்கு. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு குழந்தையின் செருப்பை மாட்டினாள்.

முதலில் கற்றாழையை ஒடித்து அதன் மஞ்சள் பாலை விரலில் தடவினாள். சுஷ்மி நக்கிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இன்னும் கெட்டியாகத் தடவியதும் அழுதாள், வாந்தி எடுத்தாள். மூன்று நாள் இப்படிப் போயிற்று. மேல் மாடிக்காரியும் சும்மா இல்லை. ஆன்லைனில் வரவழைத்த கசப்பு மருந்தை மகன் விரலில் நெயில் பாலிஷ் மாதிரி பூசி, அதற்குமேல் பிளாஸ்திரியும் ஒட்டி அனுப்பினாள். அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். பொறுப்பான தாயாம்.

நாலாம் நாள் ரெஜினாவே வேறு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அம்மா காதப் புடிச்சிக்கோ, ரெண்டு கையாலயும்" என்றாள். சுஷ்மிக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு காதையும் திருகிக்கொண்டே தூங்கிப்போனாள். வாய்க்குப் போக விரல் மிச்சமில்லை. ரெஜினாவின் காது சிவந்து எரிந்தது, கம்பெனியில் தொப்பி போட்டால் வலித்தது, ஆனால் பலித்தது. க்ரெச்சுக்குத் தன் பழைய துப்பட்டாவைக் கொடுத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கச் சொன்னாள். கற்றாழையை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கூடவே உட்கார்ந்து பார்த்தாள். பகல் தூக்கத்திலும் சரி, இரவிலும் சரி, விரல் ஒருமுறைகூட வாய்க்குப் போகவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு க்ரெச் வாசலில் கோதை குழந்தையின் வலது கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். நாலைந்து பெற்றோர் நின்றிருந்தார்கள்.

"பாருங்க. எப்படி ஊறியிருக்குன்னு."

கட்டைவிரல் வெளுத்து, சுருங்கி, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததுபோல் இருந்தது. பொய் சொல்ல வழியில்லை. வைஷாலி ஆதித்யாவின் விரலைக் காட்டினாள். பிளாஸ்திரி காய்ந்து, ஒட்டியபடியே இருந்தது.

"நாங்கல்லாம் எஃபர்ட் எடுக்கறோம். சில பேர் எடுக்கறதில்ல" என்று கோதையைப் பார்த்துச் சொன்னாள். ரெஜினாவைப் பார்த்துச் சொல்லக்கூட அவளுக்கு இஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா மகளை நிற்க வைத்துக் கேட்டாள்.

"வெச்சியா?"

"நா வெக்கல."

"பின்ன இது இன்னாடி? மானத்த வாங்கறியா?"

"நா வெக்கல மா."

பொய்யும் சொல்கிறாளே என்றுதான் கோபம் தலைக்கேறியது. கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் அடித்தாள். அடித்த பிறகு அந்தச் சின்னக் கையைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை. அதற்காகவும் சேர்த்து வைஷாலியைச் சபித்தாள். செவ்வாய்க்கிழமையும் விரல் ஊறித்தான் வந்தது. அன்றும் அடி விழுந்தது. புதன்கிழமை கேள்வியே கேட்காமல் அடித்தாள்.

அன்று தூங்கும்போது சுஷ்மி காதைப் பிடிக்க வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் சொருகிக்கொண்டு படுத்தாள். அப்போதும் விரல் வாய்க்குப் போகவில்லை. ரெஜினா அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டில் போகாத விரல் அங்கே மட்டும் எப்படிப் போகிறது? வேண்டுமென்றே ஏதோ செய்கிறார்களோ? தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களோ? அப்படி இருந்தால் அந்தக் கட்டடத்தையே இரண்டாக்கிவிடுவதென்று முடிவு செய்தாள்.

க்ரெச்சில் ஒன்றிலிருந்து மூன்றரைவரை தூங்கும் நேரம், பெற்றோர் யாரும் உள்ளே வரக்கூடாது. ரெஜினாவின் ஷிப்ட் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். வழக்கமாக வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டுத்தான் வருவாள். வியாழக்கிழமை பேருந்திலிருந்து இறங்கி நேரே க்ரெச்சுக்கு நடந்தாள். கதவைத் திறந்தது ஆயா ரெபேக்காள். இருவரும் ஒரே சர்ச். ஞாயிறு தவறாமல் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள்.

"இன்னா ரெஜினா, இந்நேரத்துல? மிஸ் கத்துவாங்கம்மே."

"கத்தட்டும், நவுருக்கா."

உள்ளே பதினாலு குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. சுஷ்மி தூங்கவில்லை. கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். அவள் வலது கையைப் பக்கத்துப் பாய்க்காரன் ஆதித்யா இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வைத்திருந்தான். அவள் கட்டைவிரல் அவன் வாய்க்குள் இருந்தது. கண்ணை மூடி, கன்னம் குழிய, சப்புச் சப்பென்று சப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய சொந்த விரல் மருந்தும் பிளாஸ்திரியுமாகச் சும்மா கிடந்தது.

மூன்று நாள் அடி. 'நா வெக்கல' என்று அந்தக் குழந்தை சொன்னது அத்தனையும் உண்மை. அடைத்த நெஞ்சைத் திறக்க ரெஜினாவுக்குத் தெரிந்த ஒரே வழி கோபம். ஃபோனை எடுத்துப் படம் பிடித்தாள். பிறகு ரெபேக்காள் பக்கம் திரும்பினாள்.

"உனுக்குத் தெரியுமா இது?"

ரெபேக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு நாளா பாத்துகினுதான் கீறேன். ரெண்டும் கம்முனு கீதுங்களேன்னு வுட்டேன். சொன்னா பழி என் மேலதான் வரும்."

"என் பொண்ணு மேல வந்துச்சே, அது பரவால்லியா? நீயெல்லாம் இன்னா ஜெபம் பண்ற?"

சத்தம் கேட்டுக் கோதை வந்தாள். பார்த்தாள். உடனே செய்த முதல் வேலை, மேல் மாடிக்கு ஃபோன் போட்டது. வைஷாலி கழுத்தில் ஹெட்ஃபோனோடு இறங்கி வந்தாள். மகனைப் பார்த்ததும் சுஷ்மியின் கையைப் பிடுங்கி எறிந்தாள். ஆதித்யா விழித்து வீறிட்டான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈர டிஷ்யூ எடுத்து அவன் வாயைத் துடைத்தாள். அதைக் கீழே போட்டு இன்னொன்று எடுத்துத் துடைத்தாள். பிறகு இன்னொன்று. உதட்டை மலர்த்தி ஈறுவரை துடைத்தாள்.

"தொடைங்க மேடம், நல்லா தொடைங்க" என்றாள் ரெஜினா. "நாலு நாளா என் பொண்ணு கையத்தான் சப்பிகினு கீறான் உங்க புள்ள. இன்னிக்குத் தொடச்சா பூடுமா?"

"அவதான் வாயில குடுத்திருப்பா. பழக்கிவிட்டதே அவதானே" என்றாள் வைஷாலி.

கோதை நடுவில் புகுந்தாள். "சத்தம் வேண்டாம். நாளையிலேர்ந்து சுஷ்மிதா பாயை சமையல்கட்டு ஓரமா போட்டுடறேன். நீங்க அவ கைக்கு ஒரு உறை மாட்டி அனுப்புங்கோ."

"அவன் சப்புவான், என் பொண்ணு கைக்கு உறையா?"

"அவன் குழந்தைதானே ரெஜினா."

"என்னுது இன்னா, கெயவியா?" ரெஜினா ஃபோனைக் கோதையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இடம் கீதா, இல்லியா? இப்பவே சொல்லு மிஸ். இல்லன்னு ஒரு வார்த்த வந்துச்சு, இந்தப் படம் குரூப்புல பூடும். பதினோரு பேரும் வெரலத் தூக்கிக் காட்டட்டும்."

கோதையின் முகம் சுண்டியது. "யார் இப்ப இல்லேன்னு சொன்னா? இடம் இருக்கு. தாராளமா வாங்கோ."

"உறை?"

"வேண்டாம்."

"பாயி?"

"அங்கேயே இருக்கட்டும். அவன் பாயை மாத்திக்கறேன்."

வைஷாலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆதித்யா போட்ட அலறலில் அது யாருக்கும் கேட்கவில்லை. முதுகை வளைத்து, காலை உதைத்து, மூச்சு முட்ட அழுதான். வைஷாலி தட்டினாள், ஆட்டினாள், ஃபோனைக் கையில் கொடுத்தாள். ரெபேக்காள் கிலுகிலுப்பை ஆட்டினாள். எதற்கும் அடங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மற்றக் குழந்தைகளும் ஒவ்வொன்றாக எழுந்து அழத் தொடங்கின. ரெஜினா நன்றாக நிமிர்ந்து நின்று அதை வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு மனசு குளிர்ந்தது. கருங்குழிக்கு அனுப்ப வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம், மூன்று பேரையும் ஒரே நாளில் வாயடைத்தாயிற்று.

சுஷ்மி பாயிலிருந்து எழுந்தாள். அழுகிறவனைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு வைஷாலியின் முழங்காலருகே போய் நின்று, நுனிக்காலில் எக்கி, வலது கட்டைவிரலை அவன் வாயை நோக்கி உயர்த்தினாள்.

"இந்தா, ஆதி."

"வேணாண்டி!" என்று ரெஜினா பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்த அந்த நொடியில் சுஷ்மி தலையைத் தோளுக்குள் இழுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடிக்காகக் காத்து நின்றாள். கோதை பார்த்தாள், ரெபேக்காள் பார்த்தாள், வைஷாலியும் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி முகத்திலும் பயம் இல்லை. அந்த அறையில் ரெஜினாவைக் கண்டு நடுங்கியது அவள் பெற்ற பிள்ளை மட்டும்தான்.