ஓர் அங்குலக் காற்று

1

இந்தக் கதை எனக்குத் தள்ளுபடியாகக் கிடைத்தது. வெயில் சூடு இறங்காமலிருக்கக் கூரைக்கடியில் வெள்ளித்தாள் அடிக்க வந்தவரிடம் விலையைக் குறைக்கச் சொன்னேன். அவர் குறைக்கவில்லை, தேநீர் குடித்தபடி இதைச் சொன்னார். நான் கடைக்காரர்கள் வீட்டில் பிறந்தவன். வந்த விலைக்கே உங்களிடம் தள்ளிவிட மனம் வராது, கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வேன்.

2

முதல் வரி: ‘வெயில் அந்தக் கூரையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து...’

(அடித்துவிட்டேன். கீழே ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது இந்த அலங்காரம் எதற்கு?)

மறுபடியும். தகரக் கூரை. அதற்கும் சீலிங்குக்கும் நடுவே ஆள் தவழ மட்டும் இடம். கீழே மாடி அறையில் ஒரு துணிக்கடைக்காரர், எழுந்திருக்க முடியாத நோயாளி. ஏசி ஓய்வதே இல்லை. கரண்ட் பில்லைப் பார்த்து மிரண்டுபோய் அவர் மனைவிதான் வெள்ளித்தாள்காரரைக் கூப்பிட்டார். பேரம் படுக்கையிலிருந்தே நடந்தது.

“மீட்டர் என்னப்பா விலை?”

சொன்னார்.

“கேட்டதுக்கே உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. பாதிக்கு முடிச்சுக் குடு.”

“பாதி வீட்டுக்கு வேணும்னா அடிக்கிறேங்கய்யா.”

“பொழைச்சுக்குவே. போய் அடி.”

3

(தொழில் குறிப்பு: இந்தத் தாளில் பளபளப்பு ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் கூரையைப் பார்க்க வேண்டும், தொடக் கூடாது. நடுவில் மரச்சட்டம் அடித்து ஓர் அங்குலம் காற்று விட வேண்டும். தொட்டால் போச்சு. அடுப்பிலிருக்கும் பாத்திரம் எவ்வளவு பளபளத்தாலும் கையைச் சுடத்தான் செய்யும்.)

வீடு முழுக்க முறையாக அடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் நோயாளியின் அறைக்கு மேலே தவழ்ந்தபோது கீழே குறட்டை கேட்டது.

“நாலு நாளைக்கப்புறம் இப்பதான் கண்ணசந்திருக்கார்” என்று ஏணியடியில் நின்று அந்தம்மா கிசுகிசுத்தார்.

வெள்ளித்தாள்காரர் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார். சட்டம் அடிக்காமல், பசை தடவித் தாளைக் கூரையோடு ஒட்டிவிட்டார். பிறகு வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தார்.

4

அந்தப் பிறகு, மூன்று மாதம் கழித்து வந்தது. (இந்த இடத்தில் அவரைச் சோம்பேறியாக்கிப் பார்த்தேன். கதை நொண்டியது. கோடை, வேலை குவிந்திருந்தது, அவ்வளவுதான்.)

சட்டமும் ஆணியுமாகப் போய் நின்றார். மாடி அறையில் கட்டில் இல்லை.

“போன மாசம்ப்பா” என்றார் அந்தம்மா. பிறகு, அவர் கேட்காமலேயே பில்லை எடுத்து நீட்டினார். “பாதியா குறைஞ்சிடுச்சு. இதைக் காட்டித்தானே அடுத்த வீட்ல வேலை பிடிப்பீங்க? எடுத்துட்டுப் போங்க.”

அவருக்குப் புரியவில்லை. அதிகமாக ஏசி ஓடிய அறைக்கு மேல்தான் தாள் வேலை செய்திருக்காதே.

“நீங்க அடிச்ச மறுநாளே ஏசியை அணைக்கச் சொல்லிட்டார். ‘குளுகுளுன்னு இருக்குடி, கரண்டை எதுக்கு வீணாக்கறே’ன்னார். கடைசி நாள் வரைக்கும் போடவிடலை. சட்டை மட்டும் நனைஞ்சு நனைஞ்சு போகும். மருந்து வேர்வையா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.”

வெள்ளித்தாள்காரர் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளுமையாத்தானேப்பா இருந்திருக்கும், அந்த ரூம்?”

5

முடிவு ஒன்று: “ஆமாம்மா, குளுமையாத்தான் இருந்திருக்கும்.” சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கியதும் அவர்...

(வேண்டாம். இறங்கியதும் அவர் என்ன செய்தாலும் நடிப்பாகிவிடும்.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். அன்றிலிருந்து அந்தம்மா, துவைத்துக் காயப்போட்டு மடித்தும் வைத்துவிட்ட அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக

(இதையும் முடிக்க என்னால் ஆகவில்லை.)

6

“சரி, என்னதான் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். “எந்த ரூம்ல ஆரம்பிக்கட்டும்?”

“பின்பக்க ரூம். மெதுவா அடிங்க, குழந்தை தூங்குது.”

“தூக்கிட்டு வேற ரூமுக்குப் போயிடுங்க சார். நான் அடிக்கத்தான் செய்வேன்.”

இதை எழுதும்போது தலைக்குமேல் சுத்தியல் ஓயவில்லை. மடியில் குழந்தை அழுகிறது. கதையில் அந்தம்மா இன்னும் பதிலுக்காக அங்கேயே நிற்கிறார். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும்: புருஷனோடு அந்தத் துணிக்கடைக் கல்லாவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் அந்தம்மா. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே, சொல்லும் விலை மெய்யா பொய்யா என்று கண்டுபிடித்துவிடுவார்.