கொன்னியின் தீவில் விடுமுறை

கண்ணாடிமேல் தெறித்த கடல்நீரை மகள் லிகாயா தன் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டே வருகிறாள், துடைக்கத் துடைக்க அடுத்த அலை வந்து தெறிக்கிறது, இருபுறமும் மூங்கில்களைக் கைபோல நீட்டிய அந்தப் படகின் நடுவே வெள்ளைச் சவப்பெட்டி, தலைமாட்டில் மட்டும் கண்ணாடி, அதற்குக் கீழே கொன்னியின் முகம், உதட்டுச்சாயத்தை யாரோ அதிகமாகப் பூசிவிட்டார்கள், உயிரோடு இருந்தால் ஒரு தாளைக் கடித்துப் பாதியை ஒற்றி எடுத்திருப்பாள், என்று நினைத்துக் குனிந்து பார்க்கப்போன அமலோற்பவத்தைப் பக்கத்தில் இருந்த திவினா தோளைப் பிடித்து நிறுத்தினாள், தள்ளி நின்னு அழுங்க ஆத்தே, கண்ணாடியில கண்ணீர் விழுந்தா போறவங்களுக்குப் பாதை கனத்துப்போகும், எங்க பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை. ஆத்தே என்றால் அந்தத் தீவுக்காரர்கள் பாஷையில் அக்கா, முதல்தடவை திவினா அப்படிக் கூப்பிட்டபோது தேவகோட்டையில் தன் தெருவில் யாரோ பதறிக் கத்தியதுபோல் அமலோற்பவம் திடுக்கிட்டுத் திரும்பினாள், அதற்குள் பழகிவிட்டது. அந்த ஜனங்கள் அவளிடம் பேசியதெல்லாம் உடைசல் ஆங்கிலம்தான், ஆனாலும் பிறகு நினைக்கும்போதெல்லாம் அது அவளுக்குத் தமிழாகவே திரும்பி வருகிறது, செத்துப்போனவள் பேசியதும் அப்படித்தான்.

கொன்னி சிரிக்கிறாள், குவைத்தில், பிறந்த குழந்தைகள் வார்டில், இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிது, உன் பேரு என்ன இவ்வளவு நீளம், இதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறாள், மாதா பாவமில்லாம கருவானாள்ல, அந்தத் திருநாள் பேரு என்று அமலோற்பவம் திக்கித்திக்கிச் சொல்ல, கொன்னி கையிலிருந்த பால்புட்டியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள், என் முழுப்பேரு கொன்செப்சியோன், அதே திருநாள், அதே பேரு, நீயும் நானும் ஒரே பேருக்காரங்க, கடலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. அன்றிலிருந்து அமலி என்றுதான் கூப்பிட்டாள். ஒரே அறை, ஒரே அடுப்பு, அவள் கருவாட்டு வாசனைக்கும் இவள் கருவாட்டு வாசனைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை, அடுத்த அறைக்காரிகள் இரண்டையும் ஒன்றுபோலவே திட்டினார்கள். கொன்னி தன் மகள் லிகாயாவை நடை பழகிய வயதில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், புருஷன் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டான், அமலோற்பவமும் தன் மகன் சகாயத்தைப் பால்குடி மறந்த கையோடு மாமியாரிடம் விட்டு வந்தவள்தான், ஆனால் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை, கொன்னி யார்யாரோ பெற்ற குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது லிகாயா, லிகாயா என்று முணுமுணுப்பாள், அந்தப் பெயருக்கு மகிழ்ச்சி என்று அர்த்தமாம், குழந்தை வீறிட்டு அழும், இவள் பாடுவாள், அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் அந்தப் போன். கொன்னியின் அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ரத்தம் நிற்கவில்லை, தீவில் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ஒரு மருத்துவச்சிகூட இல்லை, எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குப் படகில் ஏற்றினார்கள், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உயிர் போய்விட்டது, பெரியம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் லிகாயா, அப்போது அவளுக்குப் பதினொரு வயது. போனில் அந்தப் பிள்ளை அழவில்லையாம், நீ நர்ஸ்தானே, ரத்தத்தை நிறுத்த உனக்குத் தெரியும்தானே, அப்ப ஏன் நீ இங்க இல்ல என்று மட்டும் கேட்டதாம். ஒரு ஊசி அமலி, ஒரே ஒரு ஊசி, நாம இங்க தினம் போடுற ஊசி, அது இருந்திருந்தா நின்னிருக்கும், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொன்னி இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள், அமலோற்பவம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், அடுத்த மாதம் கொன்னி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள், விமானநிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தீவில் ஒரு கொப்பரைக் கிடங்கு பாழடைந்து கிடந்தது, அதைக் கேட்டு வாங்கிச் சுண்ணாம்பு அடித்து இரண்டு கட்டில் போட்டாள், எத்தனை தடவை கழுவினாலும் தேங்காய் எண்ணெய் வாசனை போகவில்லை, அந்த வாசனையில்தான் பிள்ளைகள் பிறந்தன. ரியாத், துபாய், லண்டன் என்று போயிருந்த அந்தப் பக்கத்து நர்சுகளையெல்லாம் போனில் பிடித்தாள், வருஷா வருஷம் ஊருக்கு வர்றீங்கல்ல, கடைகண்ணின்னும் விருந்துன்னும் சுத்துற நாளில பாதியை எனக்குக் குடுங்க, அவ்வளவுதான் கேட்டாள். வந்தார்கள். ஒருத்தி போக ஒருத்தி என்று முறைவைத்து வந்தார்கள், மீன் காயப்போடுகிற பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கினால், கண் இருட்டினால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தார்கள், அப்படிக் கற்றவர்களில் ஒருத்திதான் திவினா, கொன்னி அவளை எதிர்க்கரைக்கு அனுப்பி முறையாக மருத்துவச்சிப் படிப்பே படிக்கவைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் படகில் எந்தத் தாயும் சாகவில்லை. படித்த பிள்ளைகள் தீவிலேயே இருந்து பார்க்கட்டும் என்று அலைந்து திரிந்து இரண்டு நர்ஸ் வேலையும் வாங்கினாள், வேலையில் சேர்ந்த முதல் பெண் கொஞ்ச காலத்தில் சவுதிக்குப் போனாள், அடுத்தவள் கப்பலில் வேலை என்று போனாள், இங்க இருக்கிறதுக்குத்தான் நான் சொல்லிக்குடுத்தேன் அமலி, அவங்க போறதுக்குக் கத்துக்கிட்டாங்க, என்று போனில் சொல்லிவிட்டுக் கொன்னி சிரித்தாள், சிரிப்பு நீண்டுகொண்டே போய் இருமலில் முடிந்தது. மூன்றாவதாகச் சேர்ந்தவள் லிகாயா.

எத்தனையோ பெண்களின் மார்பைத் தொட்டுப் பார்த்துக் கட்டி இருக்கிறதா என்று சொன்னவள் தன் மார்பில் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது நுரையீரல்வரை போயிருந்தது. அமலோற்பவம் தேவகோட்டைக்கு எடுத்திருந்த பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு வந்தாள், இந்தத் தடவை வரலடா சகாயம் என்று போனில் சொன்னபோது மகன் சரிம்மா என்றான், குரலில் ஒரு சின்ன வருத்தமாவது இருக்கும் என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள், இல்லை, பழகியவன் குரல் அது. எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் கொன்னி தலையணையோடு தலையணையாகக் கிடந்தாள், வந்துட்டியா, உன்கிட்ட ரெண்டு விஷயம் என்றாள், எப்போதும்போல வேலைப் பேச்சு, இந்த மாசம் வரவேண்டிய பொண்ணுக்கு லீவு கெடைக்கல, உன் லீவை நீ அங்க இரு, லிகாயா இங்க என்கூட இருக்கா, திவினா தனியாக் கெடக்கா, அவளுக்குக் கூடமாட ஒரு கை வேணும். இருக்கேன் என்றாள் அமலோற்பவம். கொன்னி கொஞ்ச நேரம் மூச்சுவாங்கினாள், லிகாயாவுக்கு ஜெர்மனியில வேலை வந்திருக்கு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா, அவ போகட்டும், திவினா மறிப்பா, நீ மறிக்க விடாத, அவளை இருன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கு, சின்னப் பிள்ளையில என்னை இரு இருன்னு முந்தானையைப் பிடிச்சு அழுதா, நான் இருக்கலையே. முந்தானை என்றா சொன்னாள், அவள் கட்டியது பாவாடையோ கால்சட்டையோ, ஆனால் அமலோற்பவத்தின் நினைவில் அது முந்தானைதான், அதன் நுனியில் ஒரு சின்னக் கை இருக்கிறது, அது லிகாயாவின் கையா சகாயத்தின் கையா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

கிடங்கிலேயே பெட்டியை வைத்தார்கள். தீவே வந்தது, அரிசியும் கோழியும் காப்பித்தூளும் கொண்டுவந்தார்கள், ஆண்கள் வாசலில் சீட்டாடினார்கள், இழவு வீட்டில் யாரும் கண்ணயரக் கூடாதாம், பெண்கள் செபமாலை சொன்னார்கள், வார்த்தை புரியாவிட்டாலும் எந்த இடத்தில் அருள்நிறைந்த மரியே வருகிறது என்று அமலோற்பவத்துக்குத் தெரிந்தது, அந்தந்த இடத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள், அங்கே பிறந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிக்காட்டி, இவளால வந்தது, இவளால வந்தது என்று கண்ணாடிக்குள் இருந்தவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், லிகாயா ஒரு மூலையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடக்கம் முடிந்து சில நாளில், கொடியில் காய்ந்த கட்டில் விரிப்புகளை லிகாயாவும் அமலோற்பவமும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது திவினா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள், பெட்டி கட்டிட்டியாமே, உங்கம்மா மண்ணு இன்னும் காயல, உனக்கு ஜெர்மனி கேக்குதா, என்று பொரிந்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லிகாயா விரிப்பின் மறுமுனையை மடித்துக்கொண்டே பேசினாள். எனக்கு அம்மா கெடச்சதே கொஞ்ச வருஷம் சித்தி, அதையும் இந்தத் தீவுல இருக்கிற எல்லாரோடயும் பங்கு போட்டுக்கிட்டேன், வயித்துவலின்னு எவ வந்தாலும் சோத்துல கைவச்சவ எந்திரிச்சுப் போயிருவா, நான் தட்டை மூடிவச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பிறகு மெதுவாகக் கேட்டாள், அம்மா என்னைப் பத்தி ஏதும் சொன்னாளா.

இந்தக் கேள்விக்குத் தன்னிடம் நல்ல பதில் இருக்கிறது என்றுதான் அமலோற்பவம் நினைத்தாள், வேலை வந்தது அவளுக்குத் தெரியும் கண்ணு, அவ போகட்டும், யாரும் மறிக்கக் கூடாதுன்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா, என்றாள், பிள்ளையின் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று முகத்தைப் பார்த்தாள். படகிலும் அழாத, கிடங்கிலும் அழாத, குழிமேட்டிலும் அழாத லிகாயா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், உடம்பு குலுங்கியது, இருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருந்திருப்பேனே, அதைக் கேப்பாளான்னுதானே போன மாசமே எனக்கு வந்த ஆர்டரை அவ தலைமாட்டுல தெரியிற மாதிரி வச்சேன், கேக்கலையே, கடைசி வரைக்கும் கேக்கலையே சித்தி. அமலோற்பவம் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள், நான் கேக்குறேன், இருடி, இரு, என்றாள், லிகாயா தலையை ஆட்டினாள், நீங்க கேட்டா அது நீங்க கேட்டது. பிறகு இருவரும் கீழே கிடந்த விரிப்பை எடுத்து உதறி, மண் ஒட்டியிருந்ததால் திரும்பவும் துவைக்கப் போட்டார்கள்.

லிகாயா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனாள். திவினா வழியனுப்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடிவந்து ஒரு பொட்டலம் கருவாட்டைப் பெட்டிக்குள் திணித்தாள், அங்க குளிருமாம், தொண்டையை மூடிக்கோ என்று அதட்டினாள், லிகாயா இருவரின் புறங்கையையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள், அது அங்கே பெரியவர்களிடம் ஆசி வாங்குகிற விதம், படகு நகர்ந்தது, கொஞ்ச தூரம் போனதும் கையை ஆட்டுகிறாளா வெயிலுக்கு மறைக்கிறாளா என்று தெரியவில்லை. சகாயம் விமானநிலையக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், அரைக்கால் சட்டையோடு நிற்கிறான், மீசையோடு நிற்கிறான், ஒரே நாளில் எல்லா வயதிலும் நிற்கிறான், அமலோற்பவம் கரையில் நின்றுகொண்டிருக்கிறாள், போகிறவள் தானா, நிற்கிறவள் தானா என்று ஒரு நொடி அவளுக்குக் குழம்பிப்போகிறது. ஆத்தே வாங்க, வலி எடுத்துருச்சு, மெர்லிண்டா வந்திருக்கா, என்று திவினாவின் குரல் கேட்டதும் மணலில் செருப்பு புதையப் புதைய ஓடினாள்.

மெர்லிண்டாவுக்கு முதல் பிரசவம், சின்ன உடம்பு, பயந்துபோயிருந்தாள். திவினா முன்னால் நின்றாள், அமலோற்பவம் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள், முக்கும்மா, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், என்று அவள் சொன்னது அப்பட்டமான தமிழ், யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்தது, பெண், திவினா அந்த ஊசியைப் போட்டாள், ரத்தம் கட்டுக்குள் நின்றது. அமலோற்பவம் வெதுவெதுப்பான துணியால் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மெர்லிண்டா சோர்ந்த குரலில் ஏதோ சொன்னாள், கட்டிலைச் சுற்றி நின்ற பெண்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள், திவினா மட்டும் சிரிக்கவில்லை. என்ன சொல்றா என்று அமலோற்பவம் கேட்டாள். திவினா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள், இவளை எப்பாடு பட்டாவது நர்சுக்குப் படிக்கவச்சிருவாளாம், அப்பத்தான் இந்தத் தீவை விட்டு எங்கயாவது நல்ல இடமாப் போய்ப் பொழைக்குமாம். அமலோற்பவம் குழந்தையைத் துணியில் சுற்றி, எடுத்துக்கொண்டுபோய்த் தாயின் மார்பில் கிடத்தி, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் இழுத்துக் குழந்தையின்மேல் வைத்து, வெகுநேரம் அந்தக் கைகளைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.